மகளின் பையில் ஒரு நோட்டீஸ்

அன்புள்ள சார்,

ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாலைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகள் தில்லியில் எம்.ஏ. படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது துவைக்கப் போட்ட பையில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. உபா சட்டத்தை (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) ரத்து செய், அரசியல் கைதிகளை விடுதலை செய் என்று. படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதியதில் அவளுக்கும் பங்கு உண்டாம். கூட்டத்தில் பேசியும் இருக்கிறாள். சத்தம் போட்டேன். "திருமங்கலத்துல வைகோ பேசினப்ப முன் வரிசைல நின்னேன்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க" என்கிறாள். நின்றது உண்மைதான்.

ஆனால் 1998 பிப்ரவரி 14 அன்று, குண்டுகள் வெடித்த நாளில், நான் கோவைக் கிளையில் இருந்தேன். கூட வேலை பார்த்தவரின் தம்பி அன்றைக்குப் போய்விட்டான். சுடுகாடு வரை போய் வந்தேன். அந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்குப் பரிந்து நோட்டீஸ் அடிப்பதா படிப்பு? உள்ளே இருப்பவர்களில் நிஜமான குற்றவாளி ஒருத்தர்கூடவா இல்லை? கடைசியாக ஒன்று, அப்பனாகக் கேட்கிறேன்: இதனால் அவளுக்கு ஏதாவது வருமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டீஸை இரண்டு தடவை படித்தேன். மை அப்பிய ஜெராக்ஸ், மடித்த இடத்தில் ஒரு வரியே காணாமல் போயிருக்கிறது. தலைப்பில் இருப்பது கோஷம், அதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில், உபாவின் ஜாமீன் பிரிவான 43டி(5) என்று ஒரு பத்தி இருக்கிறதே, விஷயம் முழுக்க அதில்தான். எழுதிய பிள்ளை சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறது என்று தெரிகிறது.

சாதாரண வழக்கில் ஜாமீன் கேட்டால் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, இந்த ஆள் ஓடிவிடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா என்பதை. உபாவின் பயங்கரவாதப் பிரிவுகளில் அது போதாது. போலீஸ் தரும் கேஸ் டைரியையோ அறிக்கையையோ படித்துவிட்டு, குற்றச்சாட்டில் முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2008 டிசம்பரில் அவசரமாகச் சேர்த்த பிரிவு இது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: ஜாமீன் கட்டத்தில் சாட்சியத்தைத் தோண்டித் துருவி எடைபோடக் கூடாது. லோன் கேட்டு வந்தவர் நீட்டும் மதிப்பீட்டுச் சான்றிதழை மட்டும் படி, இடத்தைப் போய்ப் பார்க்காதே என்று உங்கள் தலைமை அலுவலகம் சர்க்குலர் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அப்படித்தான்.

கோவைக்கு வருகிறேன். 58 உயிர். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவரிடம் சட்ட நுணுக்கம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1998-ல் தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இல்லை, 1995 மே மாதமே காலாவதியாகிவிட்டது. அதே மாதிரியான பொடா சட்டம் வந்தது 2002-ல். உபாவில் பயங்கரவாத அத்தியாயமே 2004-ல்தான் சேர்ந்தது. அதாவது, நாட்டில் சிறப்புப் பயங்கரவாதச் சட்டம் எதுவும் கையில் இல்லாத இடைவெளியில் நடந்தது கோவை. இந்திய தண்டனைச் சட்டத்தையும் வெடிபொருள் சட்டத்தையும் வைத்துத்தான் வழக்கு நடந்தது. 2007-ல் தனி நீதிமன்றம் 150 பேருக்கும் மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. உங்கள் நண்பரின் தம்பிக்குக் கிடைத்த நீதி, அது எவ்வளவோ, தடாவோ பொடாவோ வாங்கித் தந்ததல்ல.

அதே தீர்ப்பில் விடுதலையானவர் கேரள அரசியல்வாதி மதானி. ஒன்பது வருடம் உள்ளே இருந்தார். அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது. ஒன்பது வருடம் ஒன்பது வருடம்தான்.

இனி மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி. தில்லி ஜாகிர் உசேன் கல்லூரியில் அரபி பாடம் எடுத்தவர் எஸ்.ஏ.ஆர். கிலானி. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2001 டிசம்பரில் பிடித்தார்கள், பொடாவுக்கு முன்பே வந்திருந்த அவசரச் சட்டத்தில் வழக்கு, 2002 டிசம்பரில் தூக்குத் தண்டனை. அவருக்கு எதிராக வைத்ததில் முக்கியமான ஒன்று, காஷ்மீரிலிருந்த தம்பியோடு காஷ்மீரி மொழியில் பேசிய இரண்டு நிமிடச் சொச்சப் போன் பேச்சு. அதைப் போலீஸுக்காக மொழிபெயர்த்தவர் ஆசாத்பூர் மண்டியில் பழ வியாபாரம் செய்தவர், அதிகம் படிக்காதவர். அந்த மொழிபெயர்ப்பின்படி, தில்லியில் நடந்ததை கிலானி நியாயப்படுத்துகிறார். கிலானி தரப்புச் சாட்சிகளாக சம்பத் பிரகாஷ் என்ற தொழிற்சங்கக்காரரும் சஞ்சய் காக் என்ற ஆவணப்பட இயக்குநரும் கூண்டில் ஏறினார்கள். இருவருமே காஷ்மீரிப் பண்டிட்டுகள். அதே டேப்பைக் கேட்டு அவர்கள் சொன்ன அர்த்தம் வேறு. தம்பி கேட்டது சிலபஸும் பிராஸ்பெக்டஸும்.

உங்கள் மகள் தில்லியில் சேர்ந்தபோது நீங்களும் அதைத்தானே கேட்டிருப்பீர்கள்?

அப்போது கிலானிக்காகக் கையெழுத்து வாங்கப் போன ஆசிரியர்களையும் மாணவர்களையும் தேசத்துரோகி என்று திட்டாத ஆளில்லை. 2003 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவர் நடத்தையில் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது என்றும் அதே உச்ச நீதிமன்றம் எழுதியது. மறைப்பானேன்? சந்தேகத்தை வைத்துத் தூக்கில் போட முடியாது, அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து இயக்கம் இல்லாதிருந்தால், நல்ல வக்கீலும் டேப்பைத் திரும்பக் கேட்க இரண்டு பேரும் கிடைத்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

"நிஜமான குற்றவாளி ஒருத்தர்கூடவா இல்லை?" இருக்கிறார். நோட்டீஸில் நஜீப் தீர்ப்பு என்று ஒரு வரி வருகிறது, கவனித்தீர்களா? 2010 ஜூலையில் மூவாற்றுப்புழையில், தொடுபுழைக் கல்லூரி ஆசிரியர் டி.ஜே. ஜோசப்பின் கையை வெட்டினார்கள். வினாத்தாளில் மதத்தை அவமதித்தார் என்று காரணம். அந்த வழக்கில் ஒருவர்தான் கே.ஏ. நஜீப். பிடிபட்டு ஐந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, விசாரிக்க வேண்டிய சாட்சிகள் இன்னும் 276 பேர். 2021 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய ஜாமீனை உறுதி செய்தது. வழக்கு இப்படி இழுத்தால், 43டி(5) இருந்தாலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு மேலே நிற்கும் என்றது. இன்று உபாவில் ஜாமீன் கேட்டுப் போகும் மாணவர்களின் வக்கீல்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆசிரியர் கையை வெட்டிய வழக்கில் பிறந்த சலுகை!

இதோடு முடியவில்லை. 2023 ஜூலையில் கொச்சியிலுள்ள என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) நீதிமன்றம் அதே நஜீபைக் குற்றவாளி என்று கண்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஜாமீனில் வந்தார், வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது. எது குலைந்து போயிற்று? ஜாமீன் வேறு, விடுதலை வேறு. நம் டிவி விவாதங்களில் இந்த இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிக் கலக்குகிறார்கள். உங்கள் மகளின் நோட்டீஸும் தலைப்பில் அதைத்தான் செய்திருக்கிறது என்பது என் குறை. "விடுதலை செய்" என்று கத்துவதைவிட "ஜாமீன் கொடு, வழக்கை நடத்து" என்பது சப்பென்று இருக்கும், ஆனால் எதிரில் நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. வளாகத்துப் போராட்டம் தன் பிள்ளைகளுக்குத்தான் முதலில் போஸ்டர் அடிக்கும். இங்கிலீஷ் பேசுகிற, கவிதை எழுதுகிற கைதிக்குத் தட்டி தயார். 2020 தில்லிக் கலவரச் சதி வழக்கிலேயே, குற்றப்பத்திரிகையில் பேர் உள்ள எல்லோருடைய முகமும் சுவருக்கு வரவில்லை. விதிவிலக்காக எனக்குத் தெரிந்த நல்ல வேலை ஜாமியா மில்லியா ஆசிரியர்கள் செய்தது. 2008-ல் தில்லி பட்லா ஹவுஸ் பகுதியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஒன்று கூடியவர்கள், 2012-ல் ஓர் அறிக்கை போட்டார்கள். பயங்கரவாத வழக்குகளைப் பார்க்கும் தில்லி போலீஸின் ஸ்பெஷல் செல் பிடித்து, பிறகு நீதிமன்றம் விடுவித்த 16 வழக்குகள். யார், எவர் என்று யாரும் கேள்விப்படாத ஆட்கள். தீர்ப்புகளை எடுத்து உட்கார்ந்து படித்தார்கள், நீதிபதிகள் போலீஸைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தொகுத்தார்கள். உங்கள் மகளிடம் அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

வைகோ பேச்சை எடுத்து மகள் அடித்தது சரியான அடி. 2002 மார்ச்சில் பொடாவை ஆதரித்த கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. ஜூனில் நீங்கள் திருமங்கலத்தில் முன் வரிசையில் நின்றீர்கள், ஜூலையில், புலிகளை ஆதரித்த அந்தப் பேச்சுக்காக அதே பொடாவில் அவர் உள்ளே. ஒன்றரை வருடத்துக்கும் மேல் வேலூர்ச் சிறை. கைதட்டியவர்களை யாரும் பிடிக்கவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்ன எழுதுவது என்று ஒரு நாள் யோசித்தேன். ஒன்றும் வராது என்று எழுத ஆசை. எழுத முடியாது.

நதாஷா நர்வால் ஜே.என்.யு. ஆய்வு மாணவி. பிஞ்ரா தோட் அமைப்பில் இருந்தவர். பெண்கள் விடுதியை மாலையானால் பூட்டுவதற்கு எதிராக 2015-ல் கிளம்பிய அமைப்பு அது. குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டத்தில் இறங்கினார். 2020 மே 23-ல் கைது, மறுநாளே மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். வெளியே விடாமல் அடுத்த வழக்கில் பிடித்தார்கள், அதன் பிறகு உபா. ஒரு வருடம் கழித்து, 2021 மே 9-ல் அவருடைய அப்பா கொரோனாவில் இறந்தார். மகாவீர் நர்வால், விவசாய விஞ்ஞானி. மகள் சிறையில். இறுதிச் சடங்குக்காக மூன்று வாரம் விட்டார்கள். ஜூன் 15-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. போராட்ட உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவில் உள்ள கோடு அரசின் மனதில் மங்கிப்போகிறது என்ற அர்த்தத்தில் நீதிபதிகள் எழுதினார்கள். அதற்குப் பிறகும், விலாசத்தைச் சரிபார்க்க அவகாசம் வேண்டும் என்றது போலீஸ். ஒரு வருடமாகத் தங்களிடமே இருந்தவரின் விலாசம்! உயர் நீதிமன்றம் திரும்பச் சொன்ன பிறகு 17-ஆம் தேதி இரவு கதவு திறந்தது. மறுநாள் உச்ச நீதிமன்றம், ஜாமீன் நிற்கட்டும், ஆனால் இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றது.

இது எல்லோருக்கும் நடப்பதில்லை. அரங்கக் கூட்டத்தில் பேசுகிற, நோட்டீஸ் கொடுக்கிற ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மிஞ்சினால் நிர்வாகத்திலிருந்து ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வரும். ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது அவள் நடத்தையைப் பொறுத்தது மட்டுமல்ல. அதனால்தான் உத்தரவாதம் தர மாட்டேன் என்கிறேன். சத்தம் போடுவதற்குப் பதில் சில காரியம் செய்யலாம். ஒரு வக்கீலின் நம்பர் அவளிடமும் இருக்கட்டும், உங்களிடமும் இருக்கட்டும். படிக்காத எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லுங்கள். வங்கிக்காரர் நீங்கள் சொன்னால் எடுபடும். முக்கியமாக, கூட்டம் என்றால் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி வீட்டை வைத்திருங்கள்.

நோட்டீஸில் ஒரு தப்பும் இருக்கிறது. "180 நாள் வரை ஜாமீனே கேட்க முடியாது" என்று போட்டிருக்கிறார்கள். தவறு. எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம், கிடைப்பதுதான் கஷ்டம். அந்த 180 நாள் வருவது 43டி(2)-ல். வழக்கமாக அதிகபட்சம் 90 நாளில் போட வேண்டிய குற்றப்பத்திரிகைக்கு, நீதிமன்றம் அனுமதித்தால் 180 நாள் வரை போலீஸுக்கு அவகாசம். அதற்குள் போடாவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடும். அடுத்த தடவை ஜெராக்ஸ் போடுவதற்குள் திருத்தச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள்.