மண்ணும் மாடியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடியில் எங்கள் மகளிர் குழு நாற்பது பைகளில் கீரையும் வெங்காயமும் போட்டிருக்கிறது. இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது. உரம் போதவில்லையா?
– வாசகி, கண்ணகி நகர், சென்னை

பதில்: உரத்தை நிறுத்துங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள். இலை ஓரம் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. இலை நீரை ஆவியாக விட்டுவிடும், உப்பு ஓரத்திலேயே தங்கிவிடும். உரமும் உப்புதான், போடப் போட மோசமாகும்.

ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம்) பழுதுபார்ப்பவரிடம் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும். போர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அளவு (லிட்டருக்கு மில்லிகிராம்) 450-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் தனியாக ஊற்றவே கூடாது. இடையில் இருந்தால் லாரித் தண்ணீரைச் சரிபாதி கலந்து ஊற்றலாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. நீர் வேரோடு நின்றுவிடுகிறது, உப்பு இறங்க வழியில்லை. பையின் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள், ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியேற வேண்டும். பைக்கடியில் தட்டு வேண்டாம், வடிந்த உப்பு திரும்ப மேலேறும். இரண்டு செங்கல் மேல் பையை வையுங்கள், தளத்திலும் ஈரம் தேங்காது. வெள்ளைப் பூப்பை அரை அங்குலம் சுரண்டி எறியுங்கள். தென்னை நார்க் கழிவிலும் உப்பு உண்டு, மூன்று முறை ஊறவைத்து வடித்த பிறகே கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகளை மூடாமல் விடுங்கள். அதைவிட நல்ல கழுவல் கிடையாது.

பயிரையும் மாற்றுங்கள். வெங்காயம், முள்ளங்கி, பீன்ஸ் உப்பைத் தாங்காது. கொத்தவரையும் பீட்ரூட்டும் நன்றாகவே தாங்கும்.

கேள்வி: தண்ணீர் பஞ்சத்தில் குளித்த தண்ணீரை ஊற்றலாமா?
– வாசகர், பெரும்பாக்கம், சென்னை

பதில்: கீரைக்கும் பைகளுக்கும் வேண்டாம். சோப்பிலும் சலவைத் தூளிலும் உள்ள சோடியம் பைக்குள் அடைந்துவிடும், களிமண்ணையும் இறுக்கிவிடும். கீழே தரையில் வாழை, கல்வாழை இருந்தால் ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாக அவற்றுக்கு விடலாம். பிடித்து வைத்ததை அன்றைக்கே விட்டுவிடுங்கள், மறுநாள் நாறும், கொசு வரும்.

கேள்வி: பத்து வீடு சேர்ந்து மாடித்தோட்டம் போட்டோம், இப்போது இரண்டு பேர்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, செம்மஞ்சேரி, சென்னை

பதில்: கீரைப் பைகளை வீட்டுக்கு இத்தனை என்று பிரித்துப் பெயர் எழுதிவிடுங்கள், அறுப்பும் அந்த வீட்டுக்கே. முருங்கை, வாழை மட்டும் பொதுவாக இருக்கட்டும், அவை இரண்டு நாள் பொறுக்கும். சித்திரை வெயிலில் மாடிக் கீரை பொறுக்காது. ஆகவே ஊருக்குப் போகிறவர் யாரிடம் குடத்தை ஒப்படைக்கிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.