பாய்ப்படகு வாங்கலாமுங்களா? – வாசகர் கேள்வி பதில்

ஆழியாறு அணையில ஓட்டறதுக்கு சின்னதா ஒரு பாய்மரப் படகு வாங்கலாம்னு இருக்கறனுங்க. என்ன செலவாகும்?
– பொள்ளாச்சி வாசகர்

விலை விசாரிக்கும் முன்னால் படகை இறக்கத் தண்ணீர் உண்டா என்று பாருங்கள். அணை நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. மீன்பிடிப்பு வேறு பொறுப்பு, கரையை ஒட்டிக் காடு வந்துவிட்டால் வனத்துறை. எழுத்தில் அனுமதி கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். தோப்புக்குள் பெரிய பண்ணைக்குட்டை இருக்கிறதே என்றால், அங்கே பாய்க்குக் காற்று கிடைக்காது. மர வரிசைக்குப் பின்னால், மர உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்று படுத்துவிடும். அறுபது அடித் தென்னை என்றால் அறுநூறு அடி.

செலவில் முதலில் வருவது வரி. உல்லாசம், விளையாட்டுக்கான படகுகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஒரு லட்சம் விலைப்பட்டியல் என்றால் கையை விட்டுப் போவது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். தனிநபரிடம் பழையது வாங்கினால் இந்த வரி இல்லை. அதன் பிறகு பாய், கயிறு, பழுது என்று ஆண்டுக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பது பொதுவான கணக்கு. வண்டியில் இழுத்துப் போவதானால் டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும்.

வாங்கும் முன் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. உங்கள் ஊருக்குக் கொச்சி இன்னும் பக்கம். அங்கேயும் விசாரியுங்கள். ஒரு பருவம் கிளப் படகில் ஓட்டினாலே உங்களுக்கு எந்த அளவு படகு சரி என்பது தெரிந்துவிடும்.

பழைய லேசர் படகு ஒண்ணு விலைக்கு வருதுங்க. எதையெதைப் பார்த்து வாங்கணும்?
– ஈரோடு வாசகர்

லேசர் என்பது ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு, அதற்கு இப்போது ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். நீளம் 4.23 மீட்டர், மரமும் பாயும் இல்லாத வெறும் உடம்பின் எடை ஏறக்குறைய 59 கிலோ. முதல் வேலையாக எடை போடுங்கள். மஞ்சள் மூட்டை நிறுக்கும் தராசே போதும். ஐந்தாறு கிலோ கூடுதலாகக் காட்டினால் உள்ளே தண்ணீர் புகுந்து ஊறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, பாய்மரம் நிற்கும் குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் நில்லுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் விரிசல். ஓட்டும்போது முழு இழுவையும் அந்தக் குழியில்தான் விழுகிறது. விரிசல் பெரிதானால் பாய்மரம் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு சாய்ந்துவிடும். குழி ஒழுகும் படகை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து.

மேல்தளமும் அடிப்பகுதியும் சேரும் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, பின்புற அடைப்பான் துளையில் வாய் வைத்து ஊதுங்கள். ஒழுகுகிற இடத்தில் குமிழி கிளம்பும். டயர் கடைக் கம்ப்ரஸர் மட்டும் வேண்டாம், அந்த அழுத்தமே ஒட்டைப் பிரித்துவிடும். பாயில் துணியைவிடத் தையல்தான் முதலில் போகும். நகத்தால் நூலைக் கீறிப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் வெயில் தின்ற பாய்.

நம் பக்கம் உப்புத் தண்ணீர் இல்லை, வெயில்தான் படகைக் கெடுக்கிறது. ஓட்டி முடித்ததும் பாயைக் காயவைத்துச் சுருட்டிப் பைக்குள் போடுங்கள். படகைக் களத்துக் கொட்டாய்க்குள் கவிழ்த்து வையுங்கள். தார்ப்பாய் போர்த்துவதானால் நடுவில் ஒரு சாண் காற்று ஓட இடம் விட வேண்டும். அடைப்பானைக் கழற்றியே வையுங்கள். மூடி வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து ஓரத்து ஒட்டைப் பிளக்கும்.

ஃபைபர் பரிசலோட அடியில பாறை இடிச்சு ஓட்டை. நாமளே பத்து (ஒட்டு) வைக்கலாமுங்களா?
– பவானிசாகர் வாசகர்

தாராளமாக வைக்கலாம். முதலில் இரண்டு மூன்று நாள் நிழலில் நன்றாகக் காயட்டும். ஈரத்தின் மேல் ரெசின் (நாரை ஒட்டி இறுகும் பிசின்) பிடிக்காது, வைத்த பத்து உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓட்டையைச் சுற்றி உடைந்த நாரை அறுத்தெடுத்து, 80 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். ஃபைபரின் கனத்தைப் போலப் பன்னிரண்டு பங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும்: நான்கு மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஐந்து செ.மீ. பிறகு அசிட்டோனில் துடையுங்கள்.

ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் ஒட்டு, மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் மேட் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 125 கிராம் வரும். பாலியஸ்டர் ரெசின் அதைப்போல இரண்டரை மடங்கு, அதாவது 300 கிராம். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, மூன்று கிராம். சித்திரை வெயிலில் இதைக் கூட்டினால் டப்பாவிலேயே புகைந்து இறுகிவிடும். காலை எட்டு மணிக்குள் வேலையை முடியுங்கள், ஒரு தடவைக்கு நூறு கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். சின்ன அடுக்கு உள்ளே, பெரியது மேலே, ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள்.

இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைக் கடையில் தனியாகக் கொடுத்தால் முதலில் அதை ரெசினில் கலக்கிய பிறகுதான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

மேட்டூர்ல எப்ப ஓட்டலாம்? லைஃப் ஜாக்கெட் எது?
– மேச்சேரி வாசகர்

பொள்ளாச்சி வாசகருக்குச் சொன்ன அனுமதி கேள்வி உங்களுக்கும் உண்டு. கற்றுக்கொள்பவருக்கு மணிக்கு 15 முதல் 22 கி.மீ. காற்று சுகமானது. அலை நுனியெல்லாம் வெள்ளை நுரை கட்டினால் கரைக்குத் திரும்புங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று நேராக அடிக்கிற உடுமலைப் பக்கத்து அணைகளில் இன்னும் கவனம் வேண்டும்.

மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அவை தலைகாட்ட நீர்மட்டம் இன்னும் சில அடி இறங்க வேண்டியிருக்கும்போதுதான் ஆபத்து. படகின் நடுவே கீழே இறங்கும் பலகை கண்ணுக்குத் தெரியாத கல்லில் மோதினால் அதன் கூடு பிளந்துவிடும். மட்டம் குறைந்த நாளில் பலகையைப் பாதி தூக்கி வைத்தே ஓட்டுங்கள்.

நீச்சல் தெரிந்து கரையோரம் ஓட்டுபவருக்கு 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) ஜாக்கெட் போதும். நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன், கழுத்துப்பட்டை உள்ளது. போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே இழுக்க வேண்டும். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.