நோட்ஸை விட்டால் எழுத வராத ஒன்பதாம் வகுப்பு

வணக்கம் டீச்சர். பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள், நோட்ஸில் உள்ள கட்டுரையை அப்படியே ஒப்பிக்கிறார்கள், ஆனால் சொந்தமாக நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வெள்ளைத்தாளையே நீட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்வழி வகுப்பில் நானும் இதைத்தான் பார்த்தேன். எனக்குக் கைகொடுத்தது டிக்டோகிளாஸ் என்ற முறை, அதாவது நீங்கள் வாசிக்கும் பத்தியைக் கேட்டு, குறிப்பெடுத்து, பிள்ளைகள் குழுவாகத் திரும்ப எழுதுவது.

ஐந்தாறு வாக்கியத்தில் சின்னப் பத்தி ஒன்றை எடுங்கள். பிள்ளைகளுக்குப் பழகிய விஷயமாக இருக்கட்டும். பேருந்தைத் தவறவிட்ட ஒரு காலை போதும். முதல் தடவை பேனாவைத் தொடவே விடாதீர்கள், கேட்க மட்டும். இரண்டாம் தடவை இயல்பான வேகத்தில் வாசியுங்கள், முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கட்டும். டிக்டேஷன் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். அப்புறம் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, குறிப்பை வைத்துப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும். விவாதம் தமிழில் நடந்தாலும் தடுக்காதீர்கள்.

கடைசியில் மூலப் பத்தியைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள். உண்மையான பாடம் இங்கேதான் நடக்கிறது. ‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால் ‘ஹி டாக்டர்’ என்றே எழுதுவார்கள். ‘இஸ்’, ‘எ’ இரண்டும் விடுபட்டிருக்கும். நீங்கள் சிவப்பு மையில் சுழித்தால் மறந்துவிடுவார்கள், அவர்களே கண்டுபிடித்தால் நிற்கும்.

சரி, அடுத்த நாள் அதே பத்தியின் முடிவை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். முதல் வாரம் இரண்டு வரிதான் வரும், என் வகுப்பிலும் அவ்வளவுதான் வந்தது.