பூனை நூல் விழுங்கினால் இழுக்காதீர்கள்

நேற்று தையல் நூலோடு விளையாடிய பூனை அதை விழுங்கிவிட்டது, ஏன் துப்பவில்லை, வாயோரம் தெரியும் நுனியைப் பிடித்து இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள்.

துப்பாததற்குக் காரணம் நாக்குதான். அதன் மேல் நூற்றுக்கணக்கான சின்ன முட்கள் இருக்கும், நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆனவை, எல்லாம் தொண்டைப் பக்கமாகவே வளைந்திருக்கும். எலும்பில் ஒட்டிய இறைச்சியைச் சுரண்டவும் உதிர்ந்த முடியை வாரவும் அருமையான அமைப்பு. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் அந்த முள் நுனிகள் குழிவாக இருப்பதையும் அவை எச்சிலை உரோமத்தின் அடிவரை கொண்டுபோவதையும் காட்டினார்கள். ஆனால் நூல் மாட்டினால் அதே முட்கள் உள்ளேதான் தள்ளும்.

அப்புறம் பெரிய ஆபத்து இது: நூலின் ஒரு பகுதி நாக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விடலாம், குடல் அசைய அசைய நூல் இறுகி அதை மடிப்பு மடிப்பாகச் சுருக்கும், சில நேரம் அறுத்தே விடும். நீங்கள் இழுத்தாலும் அதேதான் நடக்கும். வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம்.

நூலில் ஊசி கோத்திருந்ததா? அதையும் சொல்லி, நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லி, இப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.