மாநில அளவில் கால்பந்து ஆடிய பெண், முழங்கால் அடிக்குப் பிறகு ரெஃப்ரி ஆக முடியுமா?

உங்கள் தங்கை சேலத்தில் ஆடி வளர்ந்து மாநில அணி வரை போனவர், முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டுவிட்டார், இனி விசிலைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். நானும் கல்லூரி அணிக்கு ஆடிவிட்டு இப்போது சேலத்தில் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவள்தான்.

இந்த வழியில் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கோவாவின் மரியா ரெபெல்லோ, உவேனா பெர்னாண்டஸ் இருவருமே இந்திய அணிக்கு ஆடிய பிறகு நடுவர் ஆனவர்கள். உவேனா 2016-ல் ஜோர்டானில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் துணை நடுவர். நம் பக்கத்துத் திண்டுக்கல் ரூபா தேவியும் அதே 2016-ல்தான் உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் நடுவர் ஆனார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் வேல்ஸ் நாட்டு செரில் ஃபாஸ்டர். நாட்டுக்காக 63 ஆட்டம் ஆடியவர். 2023-ல் ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்கு அவர்தான் ரெஃப்ரி. இடைவேளையில் வுல்ஃப்ஸ்பர்க் 2-0 என்று முன்னிலை, முடிவில் பார்சிலோனா 3-2. இரண்டு கோல் பின்தங்கிய அணி ஆவேசமாக ஏறி வரும்போது யார் காலை நீட்டுவார்கள், முன்னிலையில் இருப்பவர்கள் எப்படி நேரத்தை இழுப்பார்கள் என்பதை ஆடியவர் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுவார். அதைப் புத்தகம் படித்துப் பெற முடியாது.

ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றியாக வேண்டும். ஆடுகிறவர் கண் பந்தின் மேலேயே இருக்கும், கால் தானாகக் காலி இடத்தைத் தேடி ஓடும். ரெஃப்ரி அந்த இடத்துக்குப் போனால் பாஸுக்குக் குறுக்கே நிற்பார். பந்து ரெஃப்ரி மேல் பட்டு எதிரணிக்குப் போனால் ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் தர வேண்டும், அதாவது ரெஃப்ரியே பந்தைத் தரையில் போட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று 2019-ல் விதியே வந்துவிட்டது. பந்து எங்கே போகும் என்று கணித்து, அதற்குப் பக்கவாட்டில் நின்று, பந்துக்காக மோதும் இரண்டு பேருடைய கால்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு பள்ளி ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்ட்டி பாக்ஸுக்குள் ஒரு பெண் விழுந்தாள். "சார், பெனால்ட்டி... அக்கா, பெனால்ட்டிக்கா!" என்று பாதி கிரவுண்டு கத்தியது. நான் பார்த்தது தடுத்தவளின் காலை அல்ல, விழுந்தவளின் பின்னங்காலை. மோதல் வருவதற்கு முன்பே அது தரையில் இழுபட ஆரம்பித்துவிட்டது. அப்படி நடித்து விழுவது எப்படி என்று ஆடிய எல்லோருக்கும் தெரியும். தொடரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

சரி, முழங்காலுக்கு வருவோம். ரெஃப்ரி யாரோடும் மோத வேண்டியதில்லை. ஆனால் ஓட்டம் குறையாது. பிஃபா நடுவர்களுக்கான தேர்வில் 40 மீட்டர் வேக ஓட்டம் ஆறு முறை. அப்புறம் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று 40 தடவை, அதாவது 400 மீட்டர் டிராக்கில் பத்துச் சுற்று. உள்ளூரில் இவ்வளவு கெடுபிடி இருக்காது என்றாலும் பயிற்சி அந்த மாதிரியே இருக்கட்டும். நம் ஊரில் பலர் ஸ்டாமினாவுக்கு என்று ஏற்காடு மலைப்பாதையில் ஓடுகிறார்கள். ஏறுவது நல்லதுதான், இறங்குவது அடிபட்ட முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கச் சொல்லுங்கள். டாக்டரோ பிசியோவோ ஓடலாம் என்று சொன்ன பிறகு மட்டும்.

மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் அடுத்த நடுவர் தேர்வு எப்போது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அதுவரை 17 விதிகளையும் படிக்கட்டும், பள்ளி ஆட்டங்களில் துணை நடுவராகக் கொடி பிடிக்கட்டும். பிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியலில் சேர, துணை நடுவர் என்றால் குறைந்தது 23 வயது, நடுவர் என்றால் 25. தங்கை இருபதை ஒட்டியவர் என்றால் அவசரமே இல்லை.