மீட்டர் ஒன்று, குடும்பம் மூன்று

அன்புள்ள ஐயா,

திட்ட மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அடுத்த மாதம் ‘நெருக்கடிக் காலத்தில் ஏற்றத்தாழ்வும் நிலைபேறும்’ என்று மூன்று நாள் செயலமர்வு. வருகிறவர்கள் அளவுகோல்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். களத்துக்குப் போய்வந்தால் அதே பழைய அறிக்கையைத்தான் எழுதுவார்கள். நீங்களும் இந்த வேலை பார்த்தவர். எங்கிருந்து தொடங்கட்டும்?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள்.

2022 கடைசியில், வட கொழும்பில் உலர் உணவுப் பொதி கொடுத்த திட்டமொன்றை மதிப்பிடப் போனேன். அந்த செப்டம்பரில்தான் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டிருந்தது. பயனாளிகள் பட்டியலில் முப்பது பேரைப் பொறுக்கிக் கேட்டோம். முப்பது பேரும் பொதி கிடைத்தது என்றார்கள். வாங்கியவர்களிடமே போய்க் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? தோட்டம் என்று நாம் சொல்கிற நெருக்கமான குடியிருப்பின் குழாயடியில் வாளியோடு நின்ற அக்கா ஒருவர், “தம்பி, பேர் இல்லாத எங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?” என்றார். வாடகைக்கு இருப்பவர். வாக்கு வேறு ஊரில். பட்டியலோ வாக்காளர் இடாப்பைப் பார்த்துப் போட்டது. அவரை நான் அறிக்கையில் அடிக்குறிப்பாக்கினேன். அது இன்னும் உறுத்துகிறது.

2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித்தொகைத் திட்டம் வந்தது. தகுதி பார்க்க 22 குறியீடுகள். மின்பாவனையும் அதில் ஒன்று. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் லைன் இழுத்திருந்தால், அந்த யூனிட் யாருடைய வசதியைக் காட்டும்? உங்கள் ஆட்களை ஒரு மீட்டர் பெட்டியடியில் நிறுத்தி, எத்தனை வயர் போகிறது என்று எண்ண வையுங்கள்.

நிலைபேறு என்றதும் நம்மவர்கள், திட்டம் முடிந்த பிறகும் பயனாளிகள் சங்கம் கூடுகிறதா என்று கேட்கிறார்கள். கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் காட்டினால் ‘ஆம்’ என்று குறித்துக்கொள்வார்கள். எனக்கென்றால், பொதி வந்த மாதங்களில் வீட்டில் எதை விற்காமல் தப்பினார்கள் என்பதே முக்கியம். தையல் மெஷின் அடகுக்குப் போயிருந்தால், உதவி நின்ற மறுநாளே பிழைப்பும் நின்றுவிடும். அடகுச் சீட்டைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். உட்கார்ந்து பேசினால் அவர்களே எடுத்து வருவார்கள்.

மொழியையும் பாருங்கள். சிங்கள வினாக்கொத்தை வாசலில் நின்றபடி தமிழாக்கினால் ஆளுக்கொரு கேள்வியாகிவிடும்.

அப்புறம், மூன்று நாளில் ஒரு நாளாவது களப் பயணத்தை மாலை ஆறு மணிக்குப் பிறகு வையுங்கள். நாட்கூலிக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வீடு திரும்புவார்கள். முச்சக்கரவண்டிக் காசை இப்போதே பட்ஜெட்டில் போடுங்கள். பிறகு கணக்குப் பிரிவில் வாங்க முடியாது.