உலையும் ஏறணும், நாவலும் நகரணும்: வாசகர் கேள்வி - பதில்

முதல் நாவலைத் தொடங்கிவிட்டுத் தவிக்கிறவர்கள் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு கவலைகளைச் சுற்றியே இருந்தன. வீட்டு வேலைக்கு நடுவே எழுத நேரமில்லை என்பது ஒன்று. பிடித்த கதைகளைப் படிக்க உட்கார்ந்தால் எழுத்து நின்றுபோகிறது, எழுத உட்கார்ந்தால் படிப்பு நின்றுபோகிறது என்பது இன்னொன்று. ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிக் கணக்கு) எழுதிக்கொண்டே என் முதல் நாவலையும் எழுதியவள் நான். இந்த இரண்டைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

அக்கா, எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. அவர் பட்டு நெய்கிறார், நான் நெசவு நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுகிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். அத்தைக்கு முழங்கால் வலி. ராத்திரி பத்து மணிக்கு மேல் நோட்டை எடுத்தால் நாலு வரியில் கண் சொருகிவிடுகிறது. நாவல் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் எப்படி முடிப்பேன்?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

தங்கச்சி, பத்து மணியைப் பிறகு பார்ப்போம். 'யாருக்கும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஒளித்து எழுதுகிறவருக்கு மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய நேரம்தான் கிடைக்கும். நம் வீடுகளில் அப்படி மிஞ்சுவது தூங்க வேண்டிய நேரம். அதைத் திருடி எழுதினால் உடம்பு கெடும், பக்கமும் வராது. வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் 'அம்மா எழுதறாங்க, இப்பக் கூப்பிடாத' என்று மூத்த பிள்ளை சின்னதிடம் சொல்லும். இதை நான் என் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். 'ஏங்க, நான் ஒரு கதை எழுதறேன். காலையில அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எனக்கு வேணும்.' அவ்வளவு போதும். நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 'எழுத எனக்கு நேரமே கிடைக்கறதில்ல' என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு அது குறையாகத்தான் கேட்கும்; என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் நெசவாளி. தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் அது ஓடி முடிகிற வரைக்கும் பொறுக்க வேண்டும், நடுவில் அறுத்து எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். நாவலும் அதுமாதிரிதான் என்று சொல்லிப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது, யோசிக்கிற நேரத்தையும் எழுதுகிற நேரத்தையும் பிரித்துவிடுங்கள். தார் சுற்றும்போது கைக்குத்தான் வேலை, மனசு சும்மாதான் இருக்கிறது. அந்த நேரம் நாவலுக்கு. நாளைக்கு எழுதப்போகிற காட்சியில் வாசலில் யார் நிற்கிறார், முதலில் யார் வாயைத் திறக்கிறார் என்ற இரண்டை மட்டும் ராட்டை முன்னால் உட்கார்ந்தே முடிவு செய்துவிடுங்கள். விடியற்காலை நோட்டைத் திறந்து 'இன்னிக்கு என்ன எழுதறது' என்று யோசித்தால் உங்கள் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

அத்தியாயம் என்று கணக்கு வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் அத்தியாயம் எழுத முடியாது. ஒரு காட்சியில் ஒரு துண்டு போதும். அதையும் முடிக்காமல் நிறுத்துங்கள். மாமியார் 'நான் ஒண்ணு கேக்கறேன்' என்று தொடங்குகிற இடத்தில் நோட்டை மூடிவிடுங்கள். அவர் என்ன கேட்கப் போகிறார் என்பது நாள் முழுக்க உங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் பேனா தானாக ஓடும்.

ஆடி மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் தொடங்கி அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரே பண்டிகை. வீடு நிறைய விருந்தாளிகள். அந்த நாட்களில் நாவல் எழுதுவேன் என்று திட்டமே போடாதீர்கள். 'பண்டிகை முடியிற வரைக்கும் லீவு' என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் விட்டுப்போச்சே என்ற வருத்தம் இருக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். குகை வண்டி வேடிக்கையில் சாமி வேடம் போட்டு நிற்கிற பையன் அத்தனை கூட்டத்திலும் யாரைத் தேடுகிறான் என்று பாருங்கள். ஒரு நாவலுக்கு அது போதும்.

எனக்குப் பிடித்த சில நாவல்களை அடிக்கடி எடுத்துப் படிப்பேன். படித்த மறுநாள் நான் எழுதுவது அப்படியே அவர்கள் நடையில் வருகிறது. என் நாவல் முடியும் வரை படிப்பதை அடியோடு நிறுத்திவிடலாமா?
- தங்கும் விடுதி ஊழியர், ஏற்காடு

வேண்டாம் தம்பி. படிப்பை நிறுத்தினால் நாவல் எழுதும் ஆசையே சில வாரங்களில் வறண்டுவிடும். அந்தக் கதைகளை நேசித்ததால்தானே நீங்களும் எழுத வந்தீர்கள்? வரிசையை மட்டும் மாற்றுங்கள். எழுதப் போவதற்கு முன்னால் அவற்றைத் தொடாதீர்கள். அன்றைய எழுத்து முடிந்த பிறகு படியுங்கள். படித்த கையோடு எழுத உட்கார்ந்தால் அந்த ஓசை காதில் நிற்கும், உங்கள் ஓசை எழும்பாது. எழுதி முடித்துவிட்டுப் படித்தால் அதே புத்தகம் அன்றைய உழைப்புக்குக் கூலியாகிறது. இரவு தூங்கி எழுந்தால் அந்த ஓசையும் அடங்கியிருக்கும். நான் இன்றுவரை கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

அடுத்தவர் நடை ஒட்டியிருந்தால் அது முதலில் உரையாடலில்தான் வெளியே தெரியும். தாமிரபரணிக் கரைக் கதைகளில் ஊறியவர் எழுதினால் ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் டீ ஆற்றுகிறவரும் 'ஏலே, இங்க வாலே' என்று பேசத் தொடங்கிவிடுவார். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். 'அதுக்கோசரம் சொல்றேன் சாமி, கேட்டுக்க' என்று நம் பக்கத்துக் கிழவர் சொல்கிற இழுவை அதில் இருக்கிறதா என்று காது சொல்லிவிடும். நீங்கள் வேலை செய்வது விடுதியின் வரவேற்பு மேசையில். சென்னைக்காரரும் ஈரோட்டுக்காரரும் பெங்களூரிலிருந்து வருகிற தமிழ்க் குடும்பமும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். வாடகை கட்டுப்படியாகாதபோது ஒவ்வொருவரும் அதை எப்படிச் சொல்லாமல் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் நாவலின் குரல்கள் அங்கேதான் இருக்கின்றன. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் எழுத நேரம் இருக்காது. கேட்பதற்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது.

பிடித்த நாவலை வாரத்துக்கு ஒருமுறையாவது வேலைக்காரக் கண்ணோடு படியுங்கள். உங்களை அழவைத்த ஒரு சாவு வீட்டுக் காட்சியை எடுத்துக்கொண்டு அதில் எத்தனை பேர் அழுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அழாத ஒருவர் அங்கே இருப்பார். பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டோ, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டோ இருப்பார். நம்மை அழவைத்தவர் அவர்தான். இப்படிக் கண்டுபிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், அது களவு இல்லை. வாக்கியத்தை எடுத்தால்தான் களவு.

கையால் எழுதுவதா, கணினியில் அடிப்பதா?
- மாணவி, கன்னங்குறிச்சி

எது கைக்கு வேகமாக வருகிறதோ அது. தட்டச்சு புதிதாகக் கற்பதானால் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய்யெழுத்து வலது கைப்பக்கம் என்று இருப்பதால் சீக்கிரம் பழகும். போனில் பேசி எழுத்தாக்கினால் பேச்சு வழக்கை அது தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும். உரையாடலுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

நாவல் என்றால் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.
- வாசகர், ஓமலூர்

சட்டம் ஒன்றும் இல்லை. மலைப்புத் தீர ஒரு கணக்குச் சொல்கிறேன். டெம்மி என்கிற புத்தக அளவில் அச்சுக்கு ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். பத்து ஃபாரம் என்றால் 160 பக்கம். முதல் நாவலுக்கு நல்ல அளவு. பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் மொத்தம் 32,000 சொல். தினம் 150 சொல் எழுதினால் 214 நாள். பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அந்த வருஷத்தில் இன்னும் 150 நாள் மிச்சம் இருக்கிறது. 150 சொல் என்பது சொந்தக்காரருக்கு எழுதும் ஒரு சின்னக் கடிதத்தின் அளவு.

வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த மாதங்களில் கொலுசு ஆர்டர் குவிந்து மூச்சுவிட நேரமிருக்காது; முகூர்த்தம் இல்லாதபோது பட்டறை மந்தம். ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு நாவலை முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். சரியா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

விடாதீர்கள். சம்பளம் நின்ற நாளிலிருந்து வீட்டு வாடகையும் அரிசி விலையும் நாவலின் தலையில் ஏறிவிடும். முதல் நாவலால் அந்தப் பாரத்தைத் தூக்க முடியாது.

தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வேலை பார்த்தவர். வழக்கு, சாட்சி, கட்சிக்காரர்களின் தந்திரம் என்று நீதிமன்றம் கண்ட மனிதரின் அனுபவம் அந்தப் புத்தகத்தில் நிறைய இருக்கிறது. நம் நாவல் மரபே ஒரு உத்தியோகஸ்தர் கையில்தான் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் தெம்பு தருகிற விஷயம்.

உங்கள் கேள்வியிலேயே வழியும் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் அமைந்தது. காப்பித் தோட்டத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு. பறித்த பழத்தை எடை போட்டு ஆளுக்கு ஆள் கணக்கு எழுதி, பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரம் ஓடி, களத்தில் காய்கிற வரைக்கும் அலுவலகத்தில் நிமிர முடியாது. அப்போது துண்டு நோட்டில் குறிப்பு மட்டும் எடுப்பேன். மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்து, சில நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, பின்னால் காய் பிடித்து முதிர எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அந்த மாதங்களில்தான் என் நாவல் நகர்ந்தது. நீங்களும் பஞ்சாங்கத்தை எடுத்து முகூர்த்தம் இல்லாத நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்தில் குறிப்பு, மந்த மாதத்தில் நாவல். பட்டறையில் கேட்ட பேச்சும் பார்த்த முகமும் குறிப்பில் இருந்தால் மந்த மாதத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கள் முன்னோர் மூன்று சகோதரர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று பாட்டி சொல்வார். சின்ன வயதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த கதை. என் நாவலில் இதை முழுசாக வைக்க ஆசை. வைத்தால் நாவல் திசைமாறிவிடும் என்கிறார் நண்பர்.
- வாசகர், நாகலூர், ஏற்காடு

இவர் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். வெளியூர் வாசகர்கள் கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் மக்கள்.

கண்ணு, உன் கதையைக் கட்டாயம் வை. (வயது பதினெட்டு என்று எழுதியிருப்பதால் ஒருமையில் கூப்பிடுகிறேன்.) சற்று முன் சொன்ன வேதநாயகம் பிள்ளையின் நாவலே கிளைக்கதைகளால் நிறைந்ததுதான், தனக்குப் பிடித்ததையெல்லாம் அவர் உள்ளே கொண்டுவந்தார். ஆனால் இன்றைய நாவலில் எழுத்தாளர் எழுந்து நின்று 'எங்கள் மலையின் பூர்வ கதை யாதெனில்' என்று தொடங்கினால் உன் நண்பர் பயப்படுவது நடந்துவிடும். கதாபாத்திரம் ஒன்றுக்கு அந்தக் கதை தேவைப்படட்டும். நிலத்தகராறு முற்றி அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்ட வீட்டில், மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு பெரியவர் அந்த மூன்று சகோதரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கட்டும். எதற்காகச் சொல்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்போது அது பழங்கதையாக நிற்காது, அந்த வீட்டுச் சண்டைக்குள் வந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்தக் கதையைச் சொல்லும் விதம் மாறும். எல்லாவற்றையும் கலந்து ஒரே கதையாக்கிவிடாதே. உன் பாட்டி சொன்னதை உன் பாட்டி சொன்னபடி வை. வேறு மாதிரி சொல்கிறவர் நாவலில் எதிரே உட்கார்ந்து மறுக்கட்டும். அது உன் சனத்துக்கு நீ செய்கிற மரியாதை. அச்சுக்குப் போகும் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒருசிலருக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டு. இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற இடம் எதுவாவது இருந்தால் அதை எடுத்துவிடு, வாதாடாதே.

அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டி சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்துவிடு. நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்காதே. மறந்துபோய் நிறுத்துகிற இடம், 'அட, அதெல்லாம் அப்பிடித்தான்' என்று தாண்டிப்போகிற இடம் எல்லாம் அப்படியே பதிவாகட்டும். நாவலில் அந்தப் பெரியவர் பேசும்போது உனக்குத் தேவைப்படப் போவது அந்த இடங்கள்தான்.

அடுத்த இதழுக்கு, பாதியில் நின்றுபோன நாவல்களைப் பற்றி எழுதுங்கள். எந்தக் காட்சியில் நின்றது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.